உப்புக்காற்றில் டைல்ஸ் ஒட்டும் முன்…

நொச்சிக்குப்பத்தில் வாசலை விட்டு இறங்கினால் லூப் ரோடு, அதைத் தாண்டினால் கடல். இரும்பு கிரில் துருப்பிடிப்பதும் சுவரில் உப்பு பூப்பதும் இங்கே யாருக்கும் புதிதல்ல. ஆனால் பாத்ரூம் வேலை என்று வந்துவிட்டால் அந்த உப்பை மறந்துவிடுகிறோம். திங்கட்கிழமை பூச்சு முடிந்தால், வெள்ளிக்கிழமையே டைல்ஸ் ஒட்டிவிட வேண்டும். அவசரத்துக்குக் காரணமும் இருக்கிறது. வீட்டில் இருப்பதே ஒரு பாத்ரூம். பெண்களும் வயதானவர்களும் எத்தனை நாள்தான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்?

சிமென்ட் பூச்சு இறுகுவது வேறு, காய்வது வேறு. முதல் 7 நாள் அதற்குத் தண்ணீர் காட்ட வேண்டும். பிறகு தண்ணீரை நிறுத்திவிட்டுக் காயவிட வேண்டும். காயும்போதுதான் பூச்சு சற்றே சுருங்கும், மயிரிழை விரிசல்கள் தெரியவரும். 28 நாள் பொறுக்கச் சொல்வது அதனால்தான்.

கடலோரத்தில் இன்னொரு வேலையும் அந்த நாட்களில் நடக்கிறது. மணலிலும் தண்ணீரிலும் கலந்திருக்கும் உப்பு, ஈரத்தோடு சேர்ந்து சுவரின் மேற்பரப்புக்கு வருகிறது. ஈரம் ஆவியாகிவிடும், உப்பு வெள்ளைப் பொடியாகத் தங்கிவிடும். அது வெளியே வருவதற்குள் டைல்ஸை ஒட்டினால், டைல்ஸுக்குப் பின்னால் படிந்து உள்ளிருந்தே பிடிப்பைத் தளர்த்தும். அதனால் டைல்ஸ் பெயர்ந்தால் பழி கொத்தனார் தலையில் விழும்.

வெள்ளைப் பொடியைக் கண்டதும் பலர் வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றிக் கழுவுகிறார்கள். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, உதிர்ந்த பொடியை அள்ளி வெளியே போடுவதே சரி. இரண்டொரு நாளில் மீண்டும் பூத்தால் மீண்டும் தேய்க்க வேண்டும்.

பூச்சுக் கலவைக்கும் நீராற்றுவதற்கும் கரிக்கிற போர் தண்ணீர் ஆகாது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது இந்தியத் தர விதி ஐஎஸ் 456. பூச்சில் கம்பி இல்லைதான். ஆனால் உப்பு பூக்கக் கம்பி தேவையில்லையே! லாரித் தண்ணீருக்குக் கொடுக்கும் காசு, டைல்ஸைப் பெயர்த்து மறுபடி ஒட்டும் கூலியைவிடக் குறைவு.

பூச்சை வழவழப்பாகத் தேய்க்க விடக் கூடாது. டைல்ஸுக்குச் சொரசொரப்பான சுவர்தான் வேண்டும். காய்ந்ததும் கரணைக் காம்பால் இடம் இடமாகத் தட்டிப் பார்க்க வேண்டும். பொத்தென்று சத்தம் வரும் இடத்தில் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறது, அதை வெட்டிவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். மட்டப்பலகை வைத்தால் மேடு பள்ளம் தெரிந்துவிடும். பள்ளத்தைப் பசையால் நிரப்பிக்கொள்ளலாம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். டைல்ஸ் பசை சில மில்லிமீட்டர் கனத்துக்கானதுதான்.

விட்ரிஃபைடு டைல்ஸ் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது. வெறும் சிமென்ட் கலவை அதில் பிடிக்காது, பசைதான் வேண்டும். சுவருக்குள் பதித்த பைப்பில் தண்ணீர் விட்டுக் கசிவு பார்ப்பதும், குளிக்கும் பக்கம் ஆறடி உயரத்துக்கு வாட்டர்ஃப்ரூஃபிங் இரண்டு கோட் அடிப்பதும் ஒட்டுவதற்கு முன்னாலேயே முடிய வேண்டும். அடுக்குமாடி வீட்டில் இதை விட்டால் கீழ் வீட்டுக் கூரை ஒழுகும், அப்புறம் மாடிப்படியில் முகம் கொடுத்துப் பேச முடியாது.

ஒரே பாத்ரூம் உள்ள வீட்டில் கழிப்பறையாக மட்டும் பயன்படுத்தலாம். குளிப்பதும் மீன் கழுவுவதும் வேண்டாம். சோப்பும் மீன் எண்ணெயும் படிந்த பூச்சில் பசை ஒட்டாது. கதவைத் திறந்து வைத்து மின்விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பினால் சீக்கிரம் காயும். ஓரடி பாலிதீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பார்க்கலாம். உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் தயாராகவில்லை. அக்டோபரில் மழைக்காலம் தொடங்கிவிட்டால் 28 நாள் கணக்கும் போதாது. நொச்சிக்குப்பத்துக்காரர்கள் இந்த வேலையைச் சித்திரை வெயிலில் வைத்துக்கொள்வதே நல்லது.