மாலை போட்டால் கணக்குத் தீருமா?

உதைபந்தாட்டக்காரன் ஒருவன் ஓய்வு பெறும்போது நமது பத்திரிகைகளுக்குத் தெரிந்த சொற்கள் மூன்றே: தியாகம், தவம், கண்ணீர். உழைப்பு என்ற சொல் அவற்றின் அருகிலும் வருவதில்லை. கூலி என்ற சொல்லோ தீட்டு!

2024 ஜூன் 6ஆம் திகதி, கல்கத்தா சோல்ட் லேக் மைதானத்தில், இந்திய முன்கள வீரர் சுனில் சேத்ரி குவைத்துக்கு எதிராக ஆடிச் சர்வதேச அரங்கிலிருந்து விடைபெற்றார். 2005இல் குவெட்டாவில் தொடங்கிய வாழ்வு. 151 ஆட்டங்கள், 94 கோல்கள். கிரிக்கெட்டன்றி வேறொன்றும் அறியாத எங்கள் கம்பளை மாணவர்களும் அன்று உருகினர். உருகட்டும், அவர் அதற்குத் தகுதியானவர். ஆனால், பத்து மாதங்கூட ஆகவில்லை. 2025 மார்ச்சில், நாற்பதைக் கடந்த அம்மனிதரை மீண்டும் அழைத்து வந்து மாலைதீவுக்கு எதிராக நிறுத்தினார்கள். அவர் கோலும் அடித்தார். கரவொலி வானைப் பிளந்தது. நூற்று நாற்பது கோடி மக்களின் நாடு அவரிடத்துக்கு ஓர் இளைஞனை ஆக்கி வைக்கவில்லை என்பது வீரகாவியமா, வெட்கக்கேடா?

“அவர் கோடீஸ்வரர், அவரைப் பற்றிப் பேசுகையில் தொழிலாளர் பிரச்சினை எதற்கு?” என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். 2025 ஓகஸ்டில் அவருடைய பெங்களூர்க் கழகமே முதலணி வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தை நிறுத்தியது. சம்மேளனத்துக்கும் வர்த்தகக் கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தம் முடியும் தறுவாய்க்கு வந்து, இந்தியன் சூப்பர் லீக்கின் எதிர்காலமே கேள்விக்குறியானதுதான் காரணம். தலைவர் தாங்குவார். மாற்றுக் கோல்காப்பாளன் தாங்குவானா? சப்பாத்துகளைத் துடைத்து வைப்பவன் தாங்குவானா?

திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற சிறுவன் ஐ. எம். விஜயன் இந்தியாவின் தலைசிறந்த முன்கள வீரர்களுள் ஒருவரானார். 2025இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் ஓய்வு பெறத்தக்க உத்தியோகத்தை அவருக்குத் தந்தது பந்தன்று. கேரளப் பொலிசின் காக்கிச் சட்டை. நம் நாட்டிலும் கதை வேறன்று. தரைப்படை, கடற்படை, விமானப்படை, பொலிஸ் என்று அணிகளின் பெயர்களைப் பாருங்கள். சீருடை கிடைத்தவன் பிழைத்தான். கிடைக்காதவன் ஆட்டோ ஓட்டப் போனான். போதாக்குறைக்கு, 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் இறுதிவரை தடை நீடித்தது. நிர்வாகத்தில் வெளியார் தலையீட்டுக்குத் தண்டனை, அனுபவித்தவர்களோ ஆட்டக்காரர்கள். முன்கள வீரனின் கால்களுக்கு வாய்த்திருப்பது பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள். அவற்றில் தொலைந்த ஏழு மாதங்களை எந்தக் கூட்டம் கூடித் திருப்பிக் கொடுக்கும்?

கம்பளையைச் சூழ்ந்த மலைகளில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி சேமலாப நிதி உண்டு. முதலாளி நூற்றுக்குப் பன்னிரண்டு, அவள் எட்டு. ஐம்பது வயதில் அதனைப் பெறலாம். அது போதுமென்று நான் வாதாடவில்லை. அதைப் பெற அவள் ஏறி இறங்கும் படிகள் எனக்குத் தெரியும். எனினும் அவள் தொழிலாளி என்பதைச் சட்டம் ஒத்துக்கொண்டிருக்கிறது. லயத்துப் பிள்ளை பந்தாட்டக்காரனாகிவிட்டாலோ அவன் ‘கலைஞன்’, ‘நாட்டின் செல்வம்’! முப்பத்தைந்தில் அவன் முழங்கால் தேய்ந்துவிடும். ஆண்களுக்கு அந்நிதி கைக்கு வரும் வயது ஐம்பத்தைந்து. இடைப்பட்ட இருபது ஆண்டுகள் நாட்டின் செல்வம் எதை உண்பது?

இங்கிலாந்து வீரர்கள் 1907இல் சங்கம் அமைத்தார்கள். வாரம் இருபது பவுணுக்கு மேல் எவனும் பெறலாகாதென்ற விதியை, வேலைநிறுத்தம் செய்வோமென்று அச்சுறுத்தி 1961இல் தகர்த்தார்கள். எந்த ரசிகனின் கண்ணீரும் அதைச் சாதிக்கவில்லை.

ஆசிரிய நண்பர்களே, நம் பாடசாலைகளுக்குக் கழகத்தார் வருகிறார்கள். நன்றாக ஓடும் பையனைக் கேட்கிறார்கள். நாமும் பெருமிதத்தோடு அனுப்பி வைக்கிறோம். அடுத்த முறை வரும்போது மூன்று தாள்களைக் கேட்டு வாங்குங்கள்: எழுத்திலான ஒப்பந்தம், காயத்துக்குக் காப்புறுதி, சேமலாப நிதி இலக்கம்.