லைசென்ஸ் துப்பாக்கி இருந்தாலும் காட்டுப்பன்றியைச் சுட முடியாதா? பெரம்பலூர், அரியலூர் விவசாயிகள் தெரிஞ்சுக்க வேண்டிய சட்டம்!

மக்காச்சோளக் கதிர் பால் பிடிக்கிற நேரம். ராத்திரி காட்டுப்பன்றிக் கூட்டம் ஒண்ணு வயலுக்குள்ள புகுந்தா போதும், விடியறதுக்குள்ள அரை ஏக்கர் காலி. தின்னது கொஞ்சம்தான், சாய்ச்சுப் போட்டதுதான் அதிகம். பச்சைமலை அடிவாரத்துல இருக்கிற பெரம்பலூர் மாவட்ட கிராமங்கள்லயும், அரியலூர் மாவட்டத்துல முந்திரிக்காட்டை ஒட்டின ஊர்கள்லயும் இது புதுக் கதை இல்லை.

வயலைச் சுற்றிப் பழைய சேலை கட்டியாச்சு. டார்ச் லைட்டோட ராக்காவல் இருந்தாச்சு. பட்டாசும் வெடிச்சுப் பார்த்தாச்சு. கடைசியில வர்ற கேள்வி ஒண்ணுதான்: "பேசாம ஒரு துப்பாக்கி லைசென்ஸ் வாங்கிட்டா என்ன?"

கேள்வி நியாயமானது. ஆனா பதில் கொஞ்சம் சிக்கலானது. பயிரைக் காக்கத் துப்பாக்கி தரலாம்னு ஒரு சட்டம் சொல்லுது. அந்தப் பயிரை அழிக்கிற விலங்கைச் சுடக் கூடாதுன்னு இன்னொரு சட்டம் சொல்லுது. ரெண்டுக்கும் நடுவுலதான் விவசாயி நிக்கிறார். விரிவா பார்க்கலாம்.

துப்பாக்கி வைத்திருப்பது நம் உரிமையா?

இல்லை. அமெரிக்காவில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமை, 1791-ல் வந்த 2-வது அரசியல் சாசனத் திருத்தத்திலேயே இருக்கு. இந்தியாவில் அப்படி எந்த அடிப்படை உரிமையும் கிடையாது. 2023-ல் உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றை விசாரித்தபோது, உச்ச நீதிமன்றமும் இந்த வித்தியாசத்தைச் சுட்டிக்காட்டியது.

1878-ல் லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது வந்த ஆயுதச் சட்டம், இந்தியர்கள் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கத் தடை போட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு அதற்குப் பதிலாக வந்ததுதான் 1959 ஆயுதச் சட்டம். இன்றைக்கும் நடைமுறையில் இருப்பது இதுதான். இதோடு 2016 ஆயுத விதிகளும், 2019-ல் வந்த திருத்தமும் சேரும்.

2016 இறுதி நிலவரப்படி நாடு முழுவதும் சுமார் 33.69 லட்சம் லைசென்ஸ்கள் இருந்ததாக மத்திய உள்துறை அமைச்சகக் கணக்கு சொல்லுது. அதில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12 லட்சத்துக்கும் மேல். தமிழ்நாட்டில் சுமார் 22 ஆயிரம்தான். துப்பாக்கி லைசென்ஸ் குறைவாக இருக்கிற மாநிலம் நம்முடையது.

பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் உண்டா?

உண்டு. இதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். 1959 ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவிலேயே இது இருக்கு. உண்மையாகவே பயிரைப் பாதுகாக்கத்தான் என்றால், குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம். அது போதாது என்று அதிகாரி கருதினால், தோட்டா போடுகிற வேறு வகைத் துப்பாக்கிக்கும் அனுமதிக்கலாம்.

எப்படி விண்ணப்பிப்பது?

* 21 வயது நிரம்பியிருக்க வேண்டும்.
* மாவட்டங்களில் விண்ணப்பம் போவது ஆட்சியர் அலுவலகத்துக்கு. போலீஸ் கமிஷனர் இருக்கும் மாநகரங்களில் அவர்தான் லைசென்ஸ் தரும் அதிகாரி.
* அடையாள, முகவரிச் சான்றுகளோடு மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்ற சான்று, வீட்டில் பத்திரமாக வைப்பேன் என்ற உறுதிமொழி எல்லாம் கேட்பாங்க. பயிர்ப் பாதுகாப்புக்குன்னா நில ஆவணங்களும் தயாரா இருக்கணும்.
* உள்ளூர் காவல் நிலையம் விசாரித்து அறிக்கை தரும். வழக்கு, முன்பகை, குடும்பத் தகராறு எல்லாம் இதில் பார்க்கப்படும்.
* லைசென்ஸ் கிடைத்தால் 5 ஆண்டுகள் செல்லும். அதன் பிறகு புதுப்பிக்கணும். 2019 திருத்தத்துக்கு முன்பு இது 3 ஆண்டாக இருந்தது.
* ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம். முன்பு 3 வரை அனுமதி இருந்தது.
* மறுத்தால், காரணத்தை எழுத்துப்பூர்வமாகக் கேட்கலாம். மேல்முறையீடும் செய்யலாம்.

தேர்தல் அறிவிப்பு வந்தால், அதிகாரிகள் உத்தரவிடும்போது துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். தேர்தல் நடைமுறை முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும்.

கடையில் போய் நேரா வாங்கிட முடியுமா?

முடியாது. பெரம்பலூரிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கு. 1966-ல் தொடங்கிய மத்திய அரசு ஆலை அது. துப்பாக்கி செய்கிற ஊர் பக்கத்திலேயே இருந்தாலும், வாங்குறவருக்கும் லைசென்ஸ் வேணும், விற்கிற கடைக்கும் தனி லைசென்ஸ் வேணும். யாருக்கு எந்தத் துப்பாக்கி, எத்தனை தோட்டா போச்சுங்கிறது கடையின் பதிவேட்டில் இருக்கணும்.

ஏர்கன் மட்டும் ஒரு விதிவிலக்கு. குறைந்த சக்தி கொண்ட, அதாவது 20 ஜூலுக்குள் இருக்கிற .177 ரக ஏர்கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஆனா அதை வெச்சுக் காட்டுப் பறவையைச் சுட்டா, அது வனக் குற்றம். ராம்சர் பட்டியலில் 2024-ல் சேர்ந்த அரியலூர் கரைவெட்டி பறவைகள் சரணாலயம் பக்கம் இருக்கிறவங்க இதைக் கண்டிப்பா நினைவுல வெச்சுக்கணும்.

சரி, லைசென்ஸ் வாங்கியாச்சு. பன்றியைச் சுடலாமா?

இங்கேதான் முட்டுது. லைசென்ஸ் தருவது துப்பாக்கியை வைத்திருக்கும் அனுமதியை மட்டும்தான். எதைச் சுடலாம் என்பதை முடிவு செய்வது இன்னொரு சட்டம்: 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம்.

காட்டுப்பன்றி அந்தச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கு. 2022 திருத்தத்துக்குப் பிறகு அது 2-வது அட்டவணையில் வருது. அனுமதி இல்லாமல் கொன்றால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மயில் என்றால் இன்னும் கடுமை. அது முதல் அட்டவணையில் இருப்பதால் குறைந்தபட்சமே 3 ஆண்டு சிறை, அதிகபட்சம் 7 ஆண்டு.

விலங்கு நம்மைத் தாக்க வரும்போது உயிரைக் காப்பாத்திக்க, நல்லெண்ணத்தோடு அதைக் கொன்றால் குற்றமில்லை என்று அதே சட்டத்தின் 11-வது பிரிவு சொல்லுது. ஆனா அந்த விலக்கு மனித உயிருக்குத்தான். பயிருக்கு இல்லை.

அதே 11-வது பிரிவில் இன்னொரு வழியும் இருக்கு. 2-வது அட்டவணை விலங்கு ஒன்று பயிர் உள்ளிட்ட சொத்துக்கு ஆபத்தாகிவிட்டது என்று தலைமை வன உயிரினக் காப்பாளர் கருதினால், அதை வேட்டையாட எழுத்துப்பூர்வமாக அனுமதி தரலாம். அந்த அனுமதியை யாருக்குத் தருவது என்பதில்தான் மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம்.

தமிழ்நாட்டின் 1 கி.மீ., 3 கி.மீ. கணக்கு

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு முடிவை அறிவித்தது. அப்போதைய வனத்துறை அமைச்சர் பொன்முடி சட்டப்பேரவையில் சொன்ன கணக்கு இதுதான்:

* காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் வரும் பன்றியைச் சுடக் கூடாது.
* 1 முதல் 3 கி.மீ.க்குள் வந்தால், பிடித்துக் காட்டுக்குள் விடணும்.
* 3 கி.மீ. தாண்டி வந்தால், சுடலாம். ஆனா சுடப்போவது பயிற்சி பெற்ற வனத்துறை ஊழியர்கள், விவசாயி இல்லை.

காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பன்றி அந்தக் காட்டுக்குச் சொந்தம் என்பது இதிலிருக்கிற நியாயம். புலி, சிறுத்தை இருக்கிற காடுகளில் காட்டுப்பன்றி அவற்றின் இரை என்பதும் உண்மை.

ஆனா களத்துல இது எப்படி வேலை செய்யும்? பன்றித் தொல்லை அதிகமா இருக்கிறது காட்டை ஒட்டின வயல்லதான். சுட அனுமதி இல்லாததும் அதே வயல்லதான். பெரம்பலூர் மாதிரி காப்புக்காடு திட்டுத் திட்டா சிதறிக் கிடக்கிற மாவட்டத்துல, எல்லாக் காட்டுலருந்தும் 3 கி.மீ. தள்ளி இருக்கிற வயலைத் தேடிப் பிடிக்கிறதே ஒரு வேலை. ஆக, அதிகம் இழக்கிறவருக்குத்தான் குறைவான தீர்வு கிடைக்குது.

கேரளாவில் மட்டும் எப்படி?

2022 மே மாதம் கேரள அரசு வேற வழியை எடுத்தது. பஞ்சாயத்துத் தலைவர், நகராட்சித் தலைவர் போன்றவர்களுக்கே கௌரவ வன உயிரினக் காப்பாளர் அதிகாரத்தைக் கொடுத்தது. பயிரை அழிக்கும் பன்றியைச் சுட அவங்களே உத்தரவிடலாம். சுடுறவர் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவராக இருக்கணும். விஷம், வெடி, மின்சாரம், கண்ணி எதுவும் கூடாது.

அதாவது அங்கே லைசென்ஸ் துப்பாக்கிக்கு ஒரு சட்டப்படியான வேலை இருக்கு. இங்கே பயிர்ப் பாதுகாப்புக்குன்னு லைசென்ஸ் வாங்கினாலும், சத்தம் போட்டு விரட்டத்தான் அது உதவும்.

இதுக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. ராத்திரி நேரத்துல ஊருக்குள்ள துப்பாக்கி வெடிச்சா ஆபத்து மனுஷங்களுக்கும்தான். பன்றின்னு நினைச்சுச் சுட்டு ஆள் இறந்த சம்பவங்கள் நாட்டில் பல இடங்களில் நடந்திருக்கு. தமிழ்நாடு இந்த வேலையை வனத்துறையிடமே வெச்சுக்கிட்டதுக்கு நியாயம் இருக்கு. ஆனா, கூப்பிட்டா வர்ற அளவுக்கு ஆளும் துப்பாக்கியும் வனச்சரக அலுவலகத்துல இருந்தாத்தான் அந்த நியாயம் செல்லும்.

நாட்டுத் துப்பாக்கின்னாலே சட்டவிரோதமா?

இல்லை. 'நாட்டுத் துப்பாக்கியுடன் ஒருவர் கைது' என்று செய்தி வரும்போது பலருக்கும் இந்தக் குழப்பம் வருது. கரிமருந்தும் பால்ரஸ் குண்டும் போட்டுக் கெட்டிக்கிற அந்தத் துப்பாக்கிக்கும் முறையான லைசென்ஸ் உண்டு. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதுதான் குற்றம்.

பெரம்பலூர் மாவட்டத்தில் எறையூர், மலையப்ப நகர் பகுதிகளில் நரிக்குறவர் மக்கள் வாழ்றாங்க. தலைமுறை தலைமுறையா வேட்டைதான் இந்தச் சமூகத்தின் தொழில். லைசென்ஸ் பெற்ற நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த குடும்பங்களும் இந்தச் சமூகத்தில் உண்டு. 1972 சட்டமும், வேட்டைக்கு மிச்சமிருந்த வழிகளையும் அடைத்த 1991 திருத்தமும் அந்தத் தொழிலைச் சட்டப்படி முடிச்சு வெச்சது. பாசிமணி, ஊசிமணி வியாபாரத்துக்கு அவங்க மாற வேண்டியதாச்சு. பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில்தான்.

பக்கத்து மாநிலத்தோட ஒப்பிட்டா ஒரு வித்தியாசம் தெரியும். கர்நாடகத்தின் குடகுப் பகுதி கொடவர்களுக்கும், ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் துப்பாக்கி லைசென்ஸிலிருந்தே விலக்கு இருக்கு. பிரிட்டிஷ் காலத்தில் வந்த அந்தச் சலுகையை மத்திய அரசு 2029 வரை நீட்டித்திருக்கு. நரிக்குறவர் மக்களுக்கு அப்படி எந்த விலக்கும் இல்லை.

லைசென்ஸ் இல்லாமல் மாட்டினால் என்ன தண்டனை?

* லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வைத்திருந்தால்: பொதுவாக 2 முதல் 5 ஆண்டு சிறை, அபராதம்.
* சட்டவிரோதமாகத் தயாரித்தால், விற்றால்: குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை.
* அதைக் கொண்டு பன்றியைச் சுட்டால்: வனச் சட்டத்திலும் தனி வழக்கு.

துப்பாக்கி கிடைக்காதவங்க எடுக்கிற மற்ற வழிகள் இதைவிட மோசம். பழத்துக்குள் வெடி வைக்கிற அவுட்டுக்காய், சுருக்குக் கம்பி, திருட்டு மின்சார வேலி. இதில் மின்வேலிக்கு ஆள் யார், பன்றி எதுன்னு தெரியாது. ராத்திரி தண்ணி பாய்ச்சப் போன பக்கத்து வயல்காரரோ, வேலி போட்டவரோட சொந்தக் குடும்பத்து ஆளோ மிதிச்சா, முடிஞ்சு போச்சு. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே 3 யானைகள் இறந்தது இப்படி ஒரு வேலியில்தான். மனிதர் இறந்தால் மரணம் விளைவித்ததற்கான பிரிவுகளில் வழக்கு வரும். ஒரு பருவ மக்காச்சோளத்தைக் காப்பாத்தப் போய் ஆயுசுக்கும் ஜெயில்.

அப்போ விவசாயி என்ன செய்யலாம்?

1. பயிர் சேதமானால், அன்னைக்கே தேதி தெரியுற மாதிரி போட்டோ எடுத்து, வி.ஏ.ஓ.வுக்கும் வனச்சரக அலுவலகத்துக்கும் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்க. இழப்பீடு கேட்க இதுதான் ஆதாரம்.
2. வயல் காப்புக்காட்டிலிருந்து எத்தனை கி.மீ. என்று வனத்துறையிடம் எழுதி வாங்குங்க. சுடுவதா, பிடிப்பதா என்பது அந்த அளவை வைத்துத்தான்.
3. சோலார் மின்வேலி போடுவதாக இருந்தால், 2023 தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி பதிவு தேவையா என்று கேட்டுப் போடுங்க. வீட்டு லைன், மோட்டார் லைனிலிருந்து நேரடி இணைப்பு கூடவே கூடாது.
4. மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் தனியாக இல்லாமல் ஊராகச் சேர்ந்து மனு கொடுங்க. ஒரே ஊரிலிருந்து 20 மனு போனா பதிவேட்டில் அந்த ஊர் நிக்கும்.
5. வீட்டில் தாத்தா காலத்து லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி இருந்தால், பரண்ல ஒளிச்சு வைக்காதீங்க. தெரிஞ்ச வக்கீலிடம் கேட்டுட்டு, அவர் மூலமா காவல் நிலையத்தில் ஒப்படைச்சிடுங்க. மலைக் கிராமங்களில் தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று போலீசார் அவ்வப்போது அறிவிப்பதும் உண்டு.

தினைப்புனத்துல பரண் கட்டி, கவண்கல் வீசிக் காவல் காத்த காலத்திலிருந்தே விளைச்சலுக்கும் விலங்குக்கும் இந்தப் போராட்டம் இருக்கு. இன்னைக்கு காட்டுக்கு ஒரு சட்டமும் துப்பாக்கிக்கு ஒரு சட்டமும் தனித்தனியா இருக்கு. ராத்திரி வயல்ல நிக்கிற விவசாயி போன் அடிச்சா, எத்தனை மணி நேரத்துல ஆள் வருவாங்கன்னுதான் ரெண்டு சட்டத்துலயும் இல்லை.