உலக சாம்பியன்... ஆனால் ஒலிம்பிக் வீரர் இல்லை!

ஒரு சின்ன கேள்வி. ஸ்பீட் ஸ்கேட்டிங்கில் இந்தியாவின் முதல் உலக சாம்பியன் யார்? கிரிக்கெட்டில் பதினோரு பேரின் பெயரையும் மூச்சு விடாமல் ஒப்பிக்கும் பலர் இந்தக் கேள்விக்கு முழிப்பார்கள். விடை: ஆனந்த்குமார் வேல்குமார். ஊர்? வெளிநாடெல்லாம் இல்லை, சென்னை!

2025 செப்டம்பரில் சீனாவின் பெய்டாய்ஹே நகரில் உலக ஸ்பீட் ஸ்கேட்டிங் போட்டி நடந்தது. முதலில் 500 மீட்டரில் வெண்கலம். அடுத்து 1000 மீட்டரில் தங்கம். நேரம் 1 நிமிடம் 24.924 விநாடி. கணக்குப் போட்டுப் பார்த்தால் மணிக்கு 42 கிலோமீட்டருக்கும் மேல்! காலில் சக்கரம், மேலே ஒரு ஹெல்மெட், அவ்வளவுதான். அந்த வேகத்தில் வளைவில் சாய்ந்து, பக்கத்தில் உரசிக்கொண்டு வருபவனையும் சமாளித்து முதலில் வர வேண்டும். அதோடு நிற்கவில்லை. அதே போட்டியில் 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம். ஒரு நிமிடப் பந்தயத்திலும் ஒரு மணி நேரப் பந்தயத்திலும் ஒரே ஆள் ஜெயிப்பது எந்த விளையாட்டிலும் லேசுப்பட்ட விஷயம் இல்லை. அப்போது அவருக்கு வயது 22.

இது குருட்டு அதிர்ஷ்டமும் இல்லை. 2021-இல் கொலம்பியாவில் நடந்த ஜூனியர் உலகப் போட்டியில் 15 கிலோமீட்டர் எலிமினேஷன் பந்தயத்தில் வெள்ளி வாங்கினார். (கடைசியில் வருபவர்களை ஒவ்வொருவராகக் கழற்றிவிட்டுக் கொண்டே போகும் பந்தயம் அது. கொஞ்சம் அசந்தாலும் வெளியே!) 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 3000 மீட்டர் ரிலேயில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் இருந்தார். 2025 ஆகஸ்டில் செங்டுவில் நடந்த உலக விளையாட்டுகளில் 1000 மீட்டரில் வெண்கலம். அடுத்த மாதமே உலக சாம்பியன். படிப்படியாக ஏறி வந்த ஆள்.

அவர் மட்டும் இல்லை. ஹாங்சோவில் பெண்கள் ரிலே அணியும் வெண்கலம் வென்றது. அந்த நான்கு பேரில் ஆரத்தி கஸ்தூரிராஜ், கார்த்திகா ஜெகதீஸ்வரன் இருவரும் சென்னைக்காரர்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு எல்லோரும் கேட்கும் அடுத்த கேள்வி ஒன்று உண்டு. "அப்போ ஒலிம்பிக்ஸில் எப்போ?"

அங்கேதான் சிக்கல். ஆனந்த்குமார் ஓடுவது சக்கரத்தில். அதற்குப் பெயர் இன்லைன் ஸ்பீட் ஸ்கேட்டிங். ஒலிம்பிக்ஸில் இருப்பது ஐஸில் ஓடும் ஸ்பீட் ஸ்கேட்டிங். 2018-இல் புவெனஸ் ஐரிஸ் இளையோர் ஒலிம்பிக்ஸில் மட்டும் சக்கரத்துக்கு ஒரு முறை இடம் கிடைத்தது. டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கான பரிசீலனைப் பட்டியலில் ரோலர் விளையாட்டுகள் இருந்தன. கடைசியில் ஸ்கேட்போர்டுக்குத்தான் இடம் கிடைத்தது. 2028 லாஸ் ஏஞ்சலஸில் கிரிக்கெட், ஸ்குவாஷ் எல்லாம் உண்டு, இன்லைன் ஸ்பீட் ஸ்கேட்டிங் இல்லை. ஆக, உலகத்திலேயே வேகமானவர் என்று நிரூபித்தவருக்கு ஒலிம்பிக்ஸில் ஓடக்கூட இடமில்லை.

இதற்குச் சிலர் சுலபமாக ஒரு வழி சொல்வார்கள்: "ஐஸுக்கு மாறிவிட வேண்டியதுதானே?"

இது விளையாட்டுப் பேச்சு இல்லை. நிஜமாகவே அப்படி மாறி ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் சாட் ஹெட்ரிக் இன்லைனில் பல முறை உலக சாம்பியன். ஐஸுக்கு மாறி 2006 டூரின் ஒலிம்பிக்ஸில் 5000 மீட்டர் தங்கம் வாங்கினார். பெல்ஜியத்தின் பார்ட் ஸ்விங்ஸ் 2022 பெய்ஜிங்கில் மாஸ் ஸ்டார்ட் தங்கம். எல்லாவற்றிலும் சுவாரஸ்யமான கதை எரின் ஜாக்சனுடையது. ஃபுளோரிடாவில் ஒக்காலா என்று ஓர் ஊர். வெயில் ஊர். பனி விழுவதே அபூர்வம். அங்கே சக்கரத்தில் ஓடிப் பழகியவர், ஐஸில் சுமார் நான்கு மாதம் மட்டுமே பயிற்சி எடுத்து 2018 ஒலிம்பிக் அணிக்குத் தேர்வானார். 2022-க்கான தேர்வுப் போட்டியில் கால் இடறியது. இடம் போய்விட்டது. அதே ஒக்காலாவில் ஒன்றாக வளர்ந்த பிரிட்டனி போவ், தான் ஜெயித்த இடத்தை ஜாக்சனுக்கு விட்டுக்கொடுத்தார். ஜாக்சன் போய் 500 மீட்டரில் தங்கம் வாங்கினார். குளிர்கால ஒலிம்பிக்ஸில் தனிநபர் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். (பிறகு போவுக்கும் ஓர் இடம் கிடைத்து அவரும் ஓடினார் என்பது கூடுதல் சந்தோஷம்.) ஜோயி மான்டியாவும் ஒக்காலாதான். மூன்று பேருக்கும் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தவர் ஒரே கோச், ரெனே ஹில்டிபிரான்ட்.

வெயில் ஊரிலிருந்து மூன்று பேர் ஐஸ் ஒலிம்பிக்ஸுக்கு! அப்படியென்றால் சென்னை வெயில் ஒரு காரணமே இல்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒக்காலா பிள்ளைகள் ஐஸுக்கு மாற நினைத்தபோது அவர்கள் நாட்டிலேயே 400 மீட்டர் ஐஸ் பாதை தயாராக இருந்தது. இந்தியாவில் செயற்கையாக உறையவைத்த 400 மீட்டர் பாதை ஒன்றுகூடக் கிடையாது. டேராடூனில் இருக்கும் உள்ளரங்கம் சிறியது, அதுவும் பல வருடம் பூட்டிக் கிடந்து 2025-இல்தான் மறுபடி திறந்தது. லடாக்கில் குளிர் இருக்கும் வரைதான் ஐஸ். குஜராத்தின் விஷ்வராஜ் ஜடேஜா ஐஸில் ஓட ஆசைப்பட்டு நெதர்லாந்து வரை போய்ப் பயிற்சி எடுத்தார். ஒலிம்பிக் ஸ்பீட் ஸ்கேட்டிங்கில் இந்தியர் யாரும் இதுவரை ஓடியதில்லை. இந்த நிலையில் ஒரு 22 வயது இளைஞரைப் பார்த்து "ஐஸுக்கு மாறு" என்பது, நீச்சல் குளமே இல்லாத ஊரில் நீந்து என்று சொல்வது மாதிரி.

இன்னொன்று. அவர் ஏன் மாற வேண்டும்? ஒலிம்பிக்ஸில் இல்லாத விளையாட்டு மட்டமா? செஸ் பதக்க விளையாட்டாக ஒலிம்பிக்ஸில் இல்லை. விஸ்வநாதன் ஆனந்தை யாராவது குறைத்துப் பேசுவார்களா? 2024-இல் குகேஷ் உலக சாம்பியன் ஆனபோது தமிழ்நாடே கொண்டாடவில்லையா? கபடியும் ஒலிம்பிக்ஸில் இல்லை. செஸ்ஸுக்கு ஒரு நியாயம், ஸ்கேட்டிங்குக்கு ஒரு நியாயமா?

ஆனால் செஸ் சென்னையில் தானாக முளைக்கவில்லை. மானுவல் ஆரன் 1961-இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். 1972-இல் சோவியத் கலாச்சார மையத்தில் டால் செஸ் கிளப் வந்தது. பலகை, புத்தகம், கூட விளையாட ஆள் எல்லாம் அங்கே இருந்தது. சின்னப் பையன் ஆனந்த் அங்கேதான் போய் விளையாடினான். இடம் முதலில் வந்தது, சாம்பியன் பிறகு வந்தான்.

ஸ்கேட்டிங்குக்கு அப்படி ஓர் இடம் பெருநகரத்தைத் தாண்டினால் எங்கே இருக்கிறது? உத்திரமேரூர் பக்கம் திருமுக்கூடலை எடுத்துக்கொள்ளலாம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் ஊர். சென்னையிலிருந்து ஒன்றும் வெகு தொலைவு இல்லை. அங்கே ஒரு பிள்ளை டிவியில் ஆனந்த்குமாரைப் பார்த்துவிட்டு "எனக்கும் ஸ்கேட்டிங் கத்துக்கணும்" என்று கேட்டால் அப்பா என்ன பதில் சொல்வார்? ரோட்டில் கல்குவாரி லாரி ஓடுகிறது. ஆற்றில் மணல். வழவழப்பான தரை என்று பார்த்தால் கல்யாண மண்டபத்தில்தான் உண்டு! ஷூ ஒரு தடவை வாங்கினால் போதாது, கால் வளர வளர மாற்ற வேண்டும். சக்கரம் தேயத் தேய மாற்ற வேண்டும். அந்தப் பிள்ளையின் ஆசை அன்று சாயங்காலமே முடிந்துவிடும்.

இதே திருமுக்கூடலில்தான் இதற்கு ஒரு பதிலும் எழுதி வைத்திருக்கிறது, கல்லில். அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராஜேந்திர சோழனின் கல்வெட்டு இருக்கிறது. ஆரம்பத்தில் மெய்க்கீர்த்தி: ராஜா எங்கே ஜெயித்தார், யாரைத் துரத்தினார் என்ற புகழ்ச்சி. அதோடு முடிந்திருந்தால் இன்றைக்கு அதைப் பெரிதாக யாரும் பேச மாட்டார்கள். அதற்குப் பிறகு வருவதுதான் விசேஷம். மாணவர்கள் படிக்க ஒரு கல்லூரி, தங்க விடுதி. 'வீரசோழன்' என்ற ஆதுலர்சாலை, அதாவது ஆஸ்பத்திரி. அதில் 15 படுக்கை. வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மருந்து கொண்டு வர இரண்டு பேர், நோயாளிகளைக் கவனிக்க இரண்டு பெண்கள். யாருக்கு எவ்வளவு நெல், எவ்வளவு காசு, என்னென்ன மருந்து கையிருப்பில் இருக்க வேண்டும் என்பது வரை எழுதியிருக்கிறது. முதலில் புகழ்ச்சி, பின்னாலேயே ஏற்பாடு.

இன்றைய பழக்கம் மெய்க்கீர்த்தியோடு நின்றுவிடுகிறது. ஆனந்த்குமார் ஜெயித்ததும் பிரதமரிலிருந்து எல்லோரும் வாழ்த்தினார்கள். நல்லதுதான், அந்த வாழ்த்துக்கு அவர் முழுத் தகுதி உடையவர். ஆனால் மாலையும் சால்வையும் ஜெயித்தவருக்குப் போய்ச் சேரும். அடுத்து வர வேண்டிய பிள்ளைக்கு அதனால் ஒரு சக்கரம்கூடக் கிடைக்காது.

செய்ய வேண்டியது பெரிய மாயமும் இல்லை. மாவட்டத்துக்கு ஒன்றாவது 200 மீட்டர் ஸ்கேட்டிங் பாதை. நூலகத்தில் புத்தகம் இரவல் தருவது போலப் பள்ளியில் ஷூ இரவல் தரும் ஏற்பாடு, கால் வளர்ந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த சைஸ் வாங்கிக்கொள்ளலாம். மாதாமாதம் ஒழுங்காகச் சம்பளம் வாங்கும் கோச். ஐஸில் ஓட விரும்பும் பிள்ளைக்கு டேராடூனிலோ வெளிநாட்டிலோ சில மாதம் பழக உதவித்தொகை. விரும்பாத பிள்ளை சக்கரத்திலேயே உலக சாம்பியன் ஆகட்டும், அதுவும் நாட்டுக்குப் பெருமைதான்.

"ஒலிம்பிக்ஸில் எப்போ?" என்ற கேள்வியை ஆனந்த்குமாரிடம் கேட்பது நியாயமே இல்லை. அவர் தன் பங்கை 1 நிமிடம் 24.924 விநாடியில் முடித்துவிட்டார். வாழ்த்தியவர்கள்தான் இன்னும் ஸ்டார்ட்டிங் லைனில் நிற்கிறார்கள்.