பொறியில் ஈ விழாதது போதுமான சான்றா?

கலிஃபோர்னியாவில் 2023இல் பரவிய அந்நியப் பழ ஈக்கள் அனைத்தும் ஒழிக்கப்பட்டுவிட்டதாக 2024 ஆகஸ்டில் அதிகாரபூர்வ அறிவிப்பு வந்தது. தோட்டங்களைவிட வீட்டுக் கொல்லைகளில் நடந்த போர் அது. நம் மாந்தோப்புகளில் ஊறிப்போன பாக்ட்ரோசெரா டார்சாலிஸ்தான் அங்கே முதன்மை எதிரி என்பதால், இந்த இதழும் தன் நிலையைச் சொல்லியாக வேண்டும்.

ரெட்லண்ட்ஸ் நகரில் 2,000க்கும் மேற்பட்ட வீடுகளின் மரங்களிலிருந்து பழங்களை அரசே பறித்து அகற்றியதை நாம் முழுமனதாக ஆதரிக்கிறோம். பழத்துக்குள் புழு கண்ட பிறகு ஸ்பினோசாட் கலந்த புரத இரையை மட்டும் நம்பியிருக்க முடியாது. ஆரஞ்சுக்குப் பேர்போன ஊரில் மக்கள் கசப்போடு விட்டுக்கொடுத்த பழங்கள் அவை.

ஆனால் அறிவிப்பின் அடித்தளம் உறுத்துகிறது. கடைசி ஈ சிக்கிய பிறகு மூன்று தலைமுறைக் காலம் பொறிகளில் எதுவும் விழாவிட்டால் ஒழிப்பு முடிந்ததாகக் கொள்கிறார்கள். எந்தப் பொறியில் விழவில்லை? மெத்தில் யூஜினாலுக்கு வருவது ஆண் ஈ; அதுவும் முதிர்ந்த ஆண். முட்டையிடும் பெண்ணுக்கு வைக்கும் புரதப் பொறியின் ஈர்ப்பு எவ்வளவு குறுகியது என்பது களத்தில் நிற்கும் நமக்குத் தெரியும். அதற்கும் மேலே, ஆண் அழிப்பு நடக்கும் பகுதியில் தெருவுக்குத் தெரு கம்பங்களிலும் மரங்களிலும் அதே மெத்தில் யூஜினாலைப் பூசிவைக்கிறோம். கண்காணிப்புப் பொறிக்குப் போட்டியாக நாமே ஆயிரம் தூண்டில்களைப் போட்டுவிட்டு, அந்த நாட்களின் வெறும் பொறியை எப்படிச் சான்றாக எடுத்துக்கொள்வது? குடியிருப்பில் இன்னொரு சிக்கல். பூட்டிய கேட்டுக்குப் பின்னால் கொய்யா பழுத்துக் கிடக்கும். பொறியோ எட்டிய இடத்தில், வாசல் மரத்தில் தொங்கும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தின் ஜேம்ஸ் கேரி 1991இலேயே சயன்ஸ் இதழில் இதை எழுப்பினார்: மத்தியதரைக்கடல் பழ ஈ அங்கே குடியேறிவிட்டது, பொறிகளின் பிடிக்குக் கீழே வாழ்கிறது என்றார். 2013இல் அவரும் சக ஆய்வாளர்களும், குறைந்தது ஐந்து இனங்களாவது நிலைகொண்டுவிட்டன என்று எழுதினர். அதிகாரிகள் அன்றும் இன்றும் சொல்லும் பதில் ஒன்றே: ஒவ்வொரு முறையும் பயணப் பெட்டியில் வந்த புது வரவு. புது வரவு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பதில் துறைக்கு எவ்வளவு வசதியானது என்று பாருங்கள்! ஒழிப்பு தோற்றதே இல்லை, குற்றமெல்லாம் பயணியுடையது. முந்தைய வெற்றி அறிவிப்பைத் திரும்பிப் பார்க்க வேண்டிய கட்டாயமே இல்லை. ஈ வந்தபின் அவசர நிதி கொட்டுகிறது. வராத ஆண்டுகளில் வீடு வீடாகப் பழம் அறுத்துப் பார்க்க ஆள் கேட்டால் கோப்பு நகர்வதில்லை. எல்லா ஊரிலும் களப்பணியாளர் அறிந்த கதை இது.

ஒழிப்பு அறிவிப்பு வெளியாகும்போது, ஆண் அழிப்பு நின்ற நாள், அதன்பின் பொறி பார்த்த காலம், அறுத்துப் பார்த்த பழங்களின் எண்ணிக்கை மூன்றும் உடன் வெளியாக வேண்டும். வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள்: உங்கள் வாராந்தர அறிக்கையில் ‘ஈ இல்லை’ என்று எழுதும்போது, பொறி எந்த மரத்தில் தொங்கியது, அதில் அப்போது பழம் இருந்ததா என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.