பருப்பின் மேல் போட்ட பழி

கால் கட்டைவிரல் வீங்கி, ரத்தத்தில் யூரிக் அமிலம் அதிகம் என்று சோதனைச் சீட்டும் வந்துவிட்டால், நம் வீடுகளில் முதல் தண்டனை துவரம்பருப்புக்குத்தான். மறுநாளே சாம்பார் நாடு கடத்தப்படுகிறது. கீரையும் காளானும் பின்னாலேயே போகின்றன. விசாரணை கிடையாது, வக்கீலும் கிடையாது. அந்த அப்பாவிகளுக்காக நான் வாதாடத் தயார்.

பியூரின் என்ற பொருள் சிதைந்து உண்டாவது யூரிக் அமிலம். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை நம் உடம்பே உண்டாக்குகிறது. சிறுநீரகம் அதைச் சரிவர வெளியேற்றாததுதான் பெரும்பாலோருக்குக் கோளாறு.

அமெரிக்காவில் 47,150 ஆண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் கவனித்து, 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். மாமிசமும் மீன் வகைகளும் நிறையத் தின்றவர்களைக் கவுட் நோய் அதிகம் பிடித்தது. பியூரின் மிகுந்த பருப்பு, கீரை வகைகள் அந்த ஆபத்தைக் கூட்டவில்லை. கொழுப்பு நீக்கிய பாலும் தயிரும் அதைக் குறைத்தன. அப்படியானால் மோர் சாதத்துக்கு அல்லவா மாலை போட வேண்டும்?

சாம்பாரை விரட்டிய நம் கனவான் என்ன செய்கிறார்? "மூட்டுக்கு நல்லது" என்று ஆட்டுக்கால் சூப் குடிக்கிறார். இறைச்சியிலுள்ள பியூரின் கொதிக்கும் நீரில் இறங்குமென்பது அவருக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஈரல் வறுவல். நண்பர்கள் வந்தால் பீர். வெயிலுக்குச் சர்க்கரைக் கலர். அந்தச் சர்க்கரையிலும் பாதி பிரக்டோஸ். அது உடம்பில் சிதையும்போது யூரிக் அமிலம் ஏறுகிறது. இவர்களை ஒருவரும் கூண்டில் ஏற்றுவதில்லை!

இது வேடிக்கை மட்டுமல்ல. மாமிசம் தொடாத வீட்டுக் கிழவருக்குப் புரதம் என்று இருப்பதே பருப்புத்தான். அதைப் பிடுங்கிக்கொண்டு வெறும் ரசம் சாதம் போட்டு, "பத்தியம் இருக்கிறார், மருந்து எதற்கு?" என்கிறார்கள். கடும் பத்தியமும் சாதாரணமாக ஒரு மில்லிகிராமைத்தான் குறைக்கும். 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 9 மில்லிகிராம் வைத்திருப்பவரை, வைத்தியர் கேட்கும் 6-க்குக் கீழே அது இறக்காது. அடிக்கடி நோவு வருகிறவருக்கு மருந்து வேண்டும். அல்லோபியூரினால் 1966 முதல் இருக்கிறது. அதைக் கண்டவர்களில் ஹிட்சிங்ஸும் எலியனும் 1988-ல் நோபல் பரிசு பெற்றவர்கள். ஆனால் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி விழுங்குகிற மாத்திரை அல்ல அது. வைத்தியர் சிறுநீரகத்தைப் பார்த்து அளவு சொல்ல வேண்டும்.

ஆகவே அம்மணிகளே, இன்றைக்கே பருப்பை வேகப் போடுங்கள். வீட்டுக்காரரை வைத்தியரிடம் அனுப்புங்கள். கலர் பாட்டிலை மாத்திரம் வாசலோடு நிறுத்திவிடுங்கள்.