சாட்சியைக் கழற்றி எறிதல்

பி 0135. பெட்ரோல் கார்களின் கணினி பதிந்துவைக்கும் பிழைக்குறிகளுள் ஒன்று. இதன் விளக்கத்தை முழுமையாகப் படித்தால், முதல் ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் மின்சுற்றில் கோளாறு என்றிருக்கும். சென்சார் கெட்டுவிட்டது என்று அதில் எங்கும் இல்லை. மின்சுற்று என்ற சொல்லுக்குள் பியூஸ், ரிலே, ஒயர்கள், கனெக்டர், எர்த் எல்லாமே அடக்கம். ஆயினும் நம் பணிமனைகள் பலவற்றில் வாசிப்பு ‘சென்சார்’ என்ற சொல்லோடு நின்றுவிடுகிறது. புதிய சென்சார் பொருத்தப்படுகிறது. சில ஆயிரம் ரூபாய் போகிறது. சில நாட்களில் மஞ்சள் விளக்கு மறுபடியும் எரிகிறது. இலக்கியம் பேசும் இடத்தில் கார் உதிரிபாகத்துக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்களுக்கு, இதுவும் ஒரு வாசிப்புப் பிரச்சினைதான் என்பதே நம் பதில்.

இந்தச் சிறு கருவி புகைக்குழாயில் திருகப்பட்டிருக்கிறது. எரிந்து வெளியேறும் வாயுவில் மிஞ்சிய ஆக்சிஜனை வெளிக்காற்றோடு ஒப்பிட்டு, அந்த வேறுபாட்டை மின்னழுத்தமாகச் சொல்கிறது. பாஷ் நிறுவனம் 1976இல் இதைத் தயாரிக்கத் தொடங்கியது. முதலில் ஏற்றுக்கொண்டவை வோல்வோ கார்கள். பரவலாக உள்ள சிர்கோனியா வகையில், பெட்ரோல் மிகுந்தால் 0.9 வோல்ட்டை ஒட்டியும், காற்று மிகுந்தால் 0.1 வோல்ட்டை ஒட்டியும் காட்டும். இரண்டுக்கும் இடையே ஓயாமல் ஊசலாடுவதே அதன் ஆரோக்கியம். ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் சூடேறினால்தான் வாய் திறக்கும், ஹீட்டர் அதற்காகத்தான். அது வேலை செய்யாவிட்டால் கணினி நெடுநேரம் குத்துமதிப்பாகவே பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கும். செலவு நமக்கு, புகை ஊருக்கு.

சாட்சி உண்மையைச் சொன்னாலும் தப்புவதில்லை. பி 0171 என்பது கலவையில் காற்று மிகுதி என்ற குறி. காற்று உள்ளே வரும் ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கலாம். ஒரு பிளக் ஒழுங்காக எரியாமல் ஆக்சிஜன் மிஞ்சியிருக்கலாம். சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் விரிசல் விழுந்து வெளிக்காற்று நுழைந்திருக்கலாம். சென்சார் தன்னிடம் வந்ததைச் சொல்கிறது. சொன்னதற்காக அதைக் கழற்றுகிறோம்.

ஒயர்களின் கதைதான் இதில் சுவாரசியமானது. சென்சாரின் ஒயர் செல்லும் வழி வண்டியிலேயே மிக வெப்பமான பகுதி. கிளட்ச் வேலைக்காக ஒருமுறை கழற்றிப் பூட்டும்போது ஒரு கிளிப்பை மாட்ட மறந்தால் போதும், ஒயர் புகைக்குழாயின்மேல் சாய்ந்து உருகும். மழைக்காலத்தில் கனெக்டருக்குள் பச்சை பூக்கும். (எலிகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.) பத்து இழைகளில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒயரில் மல்டிமீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டும். மீட்டர் ஏறக்குறைய மின்சாரமே இழுப்பதில்லை, ஆகவே அந்த ஒற்றை இழை அதற்குப் போதும். ‘கரண்ட் வருது சார்’ என்ற தீர்ப்பு இப்படித்தான் பிறக்கிறது. அதே இடத்தில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை இணைத்துப் பார்க்கட்டும். ஏறத்தாழ ஹீட்டர் அளவுக்கே மின்சாரம் கேட்கும் அது மங்கலாக எரிந்தால், பழுது ஒயர் பக்கம். பளிச்சென்று எரிந்தால் எர்த் பக்கமும் பார்த்துவிட்டு, சென்சாரைக் கழற்றாமலே ஹீட்டரின் மின்தடையை அளக்கலாம். குளிர்ந்த நிலையில் சில ஓம்கள் காட்ட வேண்டும். முடிவிலி காட்டினால் அப்போது மாற்றட்டும், நமக்கு ஆட்சேபணை இல்லை.

சென்சார்கள் சாகாதவை என்று நாம் வாதிடவில்லை. எஞ்சின் எண்ணெய் எரிந்தால் அதன் படிவும், சிலிக்கான் பசையின் ஆவியும் அதைக் கொல்லும். ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில் இந்தியாவில் நிறுத்தப்படும்வரை அதுவும் ஒரு நஞ்சாகவே இருந்தது.

கார்புரேட்டர் காலத்து மெக்கானிக் பிளக்கைக் கழற்றி நுனியின் நிறத்தைப் பார்ப்பார். கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதல், வெளுத்திருந்தால் குறைவு. ஸ்கேனர் அவருடைய கண்ணைப் பிடுங்கிவிட்டது என்ற புலம்பலில் நமக்கு உடன்பாடில்லை. சென்சாரின் ஊசலாட்டத்தைக் கோட்டுப் படமாகக் காட்டும் ஸ்கேனர் அவருக்குக் கிடைத்திருந்தால் கொண்டாடியிருப்பார். கோளாறு நம்மிடமும் இருக்கிறது. புதிய பொருளுக்குக் கேட்ட விலையைக் கொடுக்கும் நாம், ஒரு மணி நேரம் ஒயரைப் பின்தொடர்ந்து பழுதைக் கண்டுபிடித்தவரிடம் ‘ஒன்றும் மாற்றவில்லையே, எதற்குப் பணம்?’ என்கிறோம். பார்த்தறிவதற்குக் கூலி இல்லாத இடத்தில் அவர் பொருளை விற்றுத்தான் பிழைக்க முடியும். ரசீதில் சோதனைக் கூலி என்றொரு தனி வரி இருக்கட்டும். அதை முகம் சுளிக்காமல் கொடுப்போம். கழற்றிய பழைய சென்சாரையும் கையோடு கேட்டு வாங்கிக்கொள்வோம்.