மானுக்கும் ஒரு கணக்கு வேணும்

மானைச் சுடணும்னு சொன்னா பட்டணத்துச் சொந்தங்களுக்குக் கோவம் வருது. வரட்டும்ங்க.

எங்க குளத்தோரச் சீமைக்கருவேலங்காட்டில் புள்ளிமான் பெருகிக் கிடக்கிறது. அடிச்சுத் தின்னப் புலியோ சிறுத்தையோ இங்கே கிடையாது. ராத்திரி ஒரு கூட்டம் இறங்கினா, நாலு இலை விட்ட பச்சைப்பயறு காலையில வெறும் குச்சிதான்.

"பாவம், விட்டுடுங்க"ன்னு சொல்றீங்க. விட்டா என்ன நடக்குது? தெருநாய் கடிச்சுக் குதறுது, கிணத்துல விழுந்து சாவுது, ரோட்டுல அடிபடுது. பொறுமை இழந்தவன் திருட்டுத்தனமா கரண்டு வேலி போடறான். அதுக்கு மானும் ஒண்ணு, மனுசனும் ஒண்ணு.

நிற்கிற பயிருக்கு ஆபத்து என்றால் வேட்டைக்கு அனுமதி தர, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11-வது பிரிவிலேயே இடம் இருக்கிறது. துப்பாக்கியை எங்க கையில குடுக்க வேண்டாம். வனத்துறையே எண்ணட்டும், வனத்துறையே சுடட்டும். கொம்பு பெருத்த கடாவைச் சுட்டுப் பிரயோசனமில்லை. மிச்சமிருக்கிற ஒரு கடா போதும், கூட்டம் பெருக. பொட்டையில இத்தனைன்னு கணக்கு வச்சுக் குறைக்கணும். பால் குடுக்கிற தாயைத் தொடக்கூடாது.

மான் எப்படியும் சாகுது. அது கணக்கோட நடக்கட்டும்ங்கறேன். இது கொடுமைன்னு தோணினா, ஒரு ராத்திரி எங்க காட்டுல காவல் இருந்துட்டு வந்து சொல்லுங்க.